இரண்டாம் குடிலில் நான் கேட்காதது

போன மாதம் என் வீட்டுக்கு மூன்று பேர் வந்தார்கள். எல்லோருக்கும் முப்பது வயதுக்குள் இருக்கும். கோவையில் ஓட்டக்காரர்களுக்கென்று ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். தொண்ணூறுகளில் வால்பாறைக்கு மேலே புல்வெளிக் காட்டில் நாங்கள் நடத்திய மலை ஓட்டத்தை மறுபடியும் நடத்தப் போகிறார்களாம். வழியில் நிற்கப்போகும் தொண்டர்களுக்காக ஒரு கையேடு போடுகிறார்கள். அதில் பழைய ஆள் என்கிற முறையில் நான் நாலு பக்கம் எழுத வேண்டுமாம்.

“இப்பெல்லாம் ஓடறவங்க கையில ஒரு கருவி கட்டி உட்டுருவமுங்க. ஆரு எங்க இருக்காங்கன்னு போன்லயே தெரிஞ்சுபோடும்,” என்றார் ஒருவர். “உங்க காலத்துல அது எதுவுமே இல்லாம, ஒரு அசம்பாவிதமும் இல்லாம நடத்திப்போட்டீங்களே, அதையப் பத்தி எழுதுங்க.”

அசம்பாவிதம் இல்லாமலாம்! யார் சொன்னது என்று கேட்டேன். நான் வேலை பார்த்த மில்லின் பழைய ஆண்டு மலரில் அப்படித்தான் போட்டிருக்கிறது என்றார்கள். அந்த மலருக்கு அந்த வரியை எழுதிக் கொடுத்தவர் யாரென்று எனக்குத் தெரியும். எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர்கள் எதிர்பார்த்த கட்டுரை இது இல்லை. போட்டால் போடட்டும், போடாவிட்டால் போகட்டும்.

என் பெயர் ரங்கசாமி. துடியலூர்க்காரன். கோவையில் ஒரு நூற்பு மில்லில் டைம் ஆபீசில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தேன். ஷிப்டுக்கு யார் வந்தார், எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்கு வெளியே போனார் என்று எழுதுகிற இடம்தான் டைம் ஆபீஸ். கேட்டுக்குப் பக்கத்தில் ஜன்னல் வைத்த ஒரு அறை. சேர்ந்த புதிதில் ஆறு மாதம், ஆட்கள் வருகைக்குப் போடுகிற டோக்கன்களை அடுக்கினேன். அப்புறம் ஒரு வருடம் கேட்டில் நின்று பேர் கூப்பிட்டேன். அப்புறம் ரிஜிஸ்டரைக் கையில் கொடுத்துவிட்டார்கள். பயிற்சி அவ்வளவுதான். கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் மட்டும் எழுது, மனதில் நினைத்துக்கொண்டதை எழுதாதே என்பதுதான் அந்த வேலையின் மொத்தப் படிப்பும்.

அதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் நடராஜன் சார். நான் சேர்ந்தபோது டைம் ஆபீசராக இருந்தார், பிறகு பர்சனல் மேனேஜர் ஆனார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கக்கூஸ் கழுவுகிறவரைக்கூட ‘வாங்க, போங்க’ என்றுதான் பேசுவார். எதிரே வந்து நிற்பவரை முதலில் உட்காரச் சொல்வார். வெயிலில் வந்தீர்களா, தண்ணீர் குடிக்கிறீர்களா என்று விசாரிப்பார். உட்கார்ந்தவன் எழுந்திருக்கும்போது அவன் வேலை போயிருக்கும்.

அவரிடம் ஒரு வித்தை இருந்தது. பல்லடத்திலிருந்து வருகிற தொழிலாளி ஒருவர், பஸ் டயர் வெடித்து அரைமணி நேரம் தாமதமாக வந்தார். அந்த மாதத்தில் அது அவருக்கு மூன்றாவது தடவை. பஸ் கதையைச் சொல்ல வாயெடுத்தார்.

“அது இருக்கட்டுமுங்க,” என்றார் நடராஜன் சார், கைக்குட்டையை மடித்துக்கொண்டே. “சைரன் ஊதறப்ப நீங்க உள்ள இருந்தீங்களா, இல்லீங்களா?”

“இல்லீங்க. ஆனா...”

“அவ்வளவுதானுங்க. நீங்களே சொல்லிப்போட்டீங்க.”

அந்த ‘ஆனா’வுக்குப் பிறகு வருவதை அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. பக்கத்தில் ரிஜிஸ்டரோடு நின்ற நான், என்ன சுத்தமான விசாரணை என்று வியந்தேன். வீட்டில் போய்ச் சொல்லிப் பெருமைப்பட்டேன். அதை நினைத்தால் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

மலை ஓட்டம் எங்கள் சேர்மனின் ஆசை. வெளிநாட்டில் எங்கோ மலைப் புல்வெளியில் ஏரிகளையும் குடில்களையும் தாண்டி ஆட்கள் ஓடுவதைப் பார்த்துவிட்டு வந்தார். நம் மலையில் இல்லாததா என்றார். அடுத்த தையிலேயே நடத்திவிட்டோம். எஸ்டேட்டில் தேயிலை முடிகிற இடத்தில் காலை ஏழு மணிக்குத் தொடக்கம். அதற்கு மேல் மேடும் பள்ளமுமாக இடுப்பளவுப் புல்தான். பள்ளங்களில் மட்டும் சோலை, இருட்டும் அட்டையுமாக. இடையில் இரண்டு ஏரிகள், வனக்காவலர்கள் வந்தால் தங்குகிற மூன்று தகரக் குடில்கள். மலையின் மறுபக்கத்தில் அணைக்கட்டு முகாமில் ஓட்டம் முடியும். முப்பது கிலோமீட்டருக்குக் குறையாது. நடுவில் எங்கும் ஜீப் வராது. ஒரு முனையில் விட்ட ஆளை மறுமுனையில்தான் பார்க்க முடியும். இடைப்பட்ட நேரத்தில் அவர் உயிரோடு இருக்கிறாரா என்பது குடிலில் உட்கார்ந்திருப்பவனின் கண்ணிலும் காதிலும் இருந்தது.

மணி எழுதுகிற வேலை என்பதால் டைம் ஆபீசிலிருந்து எங்களைத்தான் குடில்களுக்கு அனுப்பினார்கள். குடிலுக்கு ஒரு ஆள், எஸ்டேட்டில் இரவல் வாங்கிய வயர்லெஸ் செட் ஒன்று, ரிஜிஸ்டர் ஒன்று. செய்ய வேண்டியதை நானே வரிசையாக எழுதிக் கொடுத்திருந்தேன். வருகிறவரின் மார்பில் இருக்கும் எண்ணைப் படி. மணியைப் பார்த்து எழுது. முகத்தைப் பார். உதடு வெளுத்திருக்கிறதா, பேச்சு குழறுகிறதா என்று கவனி. தண்ணீர் கொடு. வெளியே வந்து நின்று, அவர் எந்தத் திசையில் போகிறார் என்று பார். பார்த்த பிறகுதான் ‘புறப்பட்டார்’ என்று எழுது. அப்புறம் அடுத்த குடிலுக்கு வயர்லெஸ்ஸில் எண்ணைச் சொல். முதல் மூன்று வருடமும் நான் இதில் ஒன்றைக்கூட விட்டதில்லை.

அச்சடித்த விதிகளில் ஒன்பதாவதையும் நான்தான் எழுதினேன். வழியில் விபத்தைப் பார்க்கிறவர் குடிலில் தகவல் சொல்லிவிட்டு உதவிக்குத் திரும்பிப் போனால், அதற்கு ஆன நேரம் அவருடைய ஓட்டத்தில் கழித்துக்கொள்ளப்படும். நடராஜன் சார் படித்துப் பார்த்து, நல்ல விதியுங்க என்றார். ‘தகவல் சொல்லிவிட்டு’ என்ற இடத்தில் மட்டும் ஒரு அடிக்கோடு போட்டார்.

நாலாவது வருடம் கேட்டில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். ஓட்டத்தில் பெண்களில் முதலாவதாக வருகிறவர் பதிலித் தொழிலாளியாக இருந்தால் அவரை நிரந்தரமாக்குவார்கள். ஆண்களுக்கும் அப்படியே. பதிலி என்றால் யாராவது வராத அன்று அவர் இடத்தில் வேலை செய்கிறவர். விடிவதற்குள் கேட்டுக்கு வந்து நிற்க வேண்டும். பேர் கூப்பிட்டால் உள்ளே போகலாம், இல்லாவிட்டால் திரும்ப வேண்டியதுதான்.

சரஸ்வதி, நூலைச் சிட்டமாகச் சுற்றுகிற ரீலிங் பிரிவில் நாலு வருடமாகப் பதிலி. கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் கூலி வேலை செய்கிற குடும்பம். இங்கே நாலைந்து பெண்களோடு சேர்ந்து ஒரு அறையில் இருந்தாள். பள்ளிக்கூடத்தில் ஓடியவள். நோட்டீசைப் படித்துவிட்டு என் ஜன்னலுக்கு வந்தாள்.

“ஏனுங்ணா, மொதல்ல வந்தா நெசமாலுமே பர்மனென்ட் பண்ணிப்போடுவாங்களா?”

“நோட்டீஸ்ல போட்டிருக்குதல்ல கண்ணு. மில்லே சொல்லிப்போட்டு இல்லீன்னு சொல்லுமா?”

அன்றிலிருந்து வேலை கிடைக்காத நாளிலெல்லாம் அவள் ஓடினாள். கேட்டிலிருந்து திரும்பி பஸ் ஏறாமல் அறைவரைக்கும் ஓடியே போவாளாம். உடன் இருந்த பெண்கள் சொல்லிச் சிரித்தார்கள்.

ஓட்ட நாளன்று எனக்கு இரண்டாம் குடில். காலையில் நல்ல வெயில். பத்து மணிக்கு மேல் மூடுபனி ஏறி வந்து, வாசலுக்கு வெளியே பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. காற்று தகரக் கூரையை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. ஆண்கள் ஏழெட்டுப் பேர் கடந்து போயிருந்தார்கள். பெண்களில் சரஸ்வதிதான் வெகுவாக முன்னால் வருகிறாள் என்று முதல் குடிலிலிருந்து சொல்லியிருந்தார்கள். எனக்கும் சந்தோஷம்தான்.

பதினொன்று நாற்பதுக்கு வயர்லெஸ் கூப்பிட்டது. அணைக்கட்டு முகாமிலிருந்து நடராஜன் சார்.

“ரங்கசாமிங்களா? சேர்மன் மூணாங் குடில்ல இருக்காருங்க. அங்கிருந்து நடந்து உங்க பக்கம் வரலாம்னு பிரியப்படறாருங்க. டீ இருக்குதுங்களா?”

“இருக்குதுங்க சார்.”

“சூடா இருக்குதுங்களா?”

இரைச்சலில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. செட்டைக் காதோடு அழுத்திக்கொண்டேன். அந்த நேரத்தில்தான் சரஸ்வதி வாசலில் வந்து நின்றாள். மூச்சு வாங்கியது. எதையோ வேகமாகச் சொன்னாள். அவள் உதடு அசைவதை நான் பார்த்தேன். பின்பக்கம் கையை நீட்டிக் காட்டினாள். நான் அவளைப் பார்த்து உள்ளங்கையை உயர்த்தினேன். இரு என்று அர்த்தம். காதில் நடராஜன் சார், சர்க்கரையைத் தனியாக வைத்திருக்கிறீர்களா, சேர்மன் சர்க்கரை சேர்ப்பதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். தனியாகத்தான் இருக்கிறது சார் என்றேன். அதற்குள் வாசலில் குரல் கேட்டது.

“அப்ப நான் வாரேனுங்ணா.”

நிமிர்ந்தபோது வாசலில் ஆள் இல்லை. எங்கள் ஊரில் கிளம்புகிறவர்கள் யாரும் போகிறேன் என்று சொல்வதில்லை. வாரேனுங்க என்றால் போய்விட்டார் என்று பொருள். ஓட்டத்தில் இருப்பவள், தண்ணீர்கூடக் குடிக்காமல் ஓடுகிறாள், கெட்டிக்காரி என்று நினைத்தேன். ரிஜிஸ்டரை எடுத்து, எண் 27, 11.40, புறப்பட்டார் என்று எழுதினேன். வெளியே போய்த் திசையைப் பார்க்கவில்லை. பிளாஸ்க்கைத் திறந்து டீ சூடாக இருக்கிறதா என்று பார்த்தேன்.

ஒரு மணிக்கு மூன்றாம் குடில் கூப்பிட்டது. இருபத்தேழு வரவில்லை. அவளுக்குப் பின்னால் போன பெண்கள்கூட வந்துவிட்டார்களாம். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில்தான் பெரிய ஏரி. கரை முழுக்கச் சேறு. எஸ்டேட் ஆட்களையும் வனக்காவலர்களையும் அங்கே அனுப்பினார்கள். சேற்றில் கழி விட்டுப் பார்த்தார்கள். உண்மையாகவே முன்னால்தான் போனாளா என்று வயர்லெஸ்ஸில் கேட்டபோது, “போனதைக் கண்ணால பாத்தனுங்க,” என்றேன். இது பொய். தேடப் போனவர்கள் ஒன்றரை மணி நேரம் அந்தப் பொய்யை நம்பிச் சேற்றில் அலைந்தார்கள்.

இரண்டரை மணிக்கு, மூடுபனிக்குள்ளிருந்து, குடிலின் பின்பக்கமாக அவள் வந்தாள். அவள் தோளைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு ஒற்றைக் காலில் நொண்டியபடி ஜேம்ஸ் வந்தார். எங்கள் மில்லில் மெஷின் பழுதுபார்க்கிற பிட்டர். முதல் குடிலிலிருந்து அவர் எண்ணைச் சொல்லியிருந்தும், அவர் வந்து சேராததை நான் கவனிக்கவே இல்லை. அவளுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தவர், பனியில் தடம் மாறி ஒரு பள்ளத்தில் விழுந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து கிடந்திருக்கிறார். அவர் அலறியது பின்னால் வந்த அவளுக்குத்தான் கேட்டிருக்கிறது. இறங்கிப் பார்த்து, குடிலில் சொல்லிவிட்டு வருகிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டு என்னிடம் ஓடி வந்தாள். சொன்னாள். திரும்பிப் போய்த் தன் துண்டால் காலைக் கட்டிவிட்டு, ஆள் வரும் வரும் என்று பள்ளத்துக்குள்ளேயே உட்கார்ந்திருந்திருக்கிறாள். தடத்தில் போன மற்றவர்களுக்கு அந்தக் காற்றில் ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் அவரைத் தானே தாங்கி மேலே கொண்டுவந்துவிட்டாள்.

வந்தவள் என்னைத் திட்டவில்லை.

“ஏனுங்ணா, ஆரையுமே அனுப்பலீங்களா?” என்றுதான் கேட்டாள்.

ஜேம்ஸைப் படுக்கவைத்து, வயர்லெஸ்ஸில் ஆட்களைக் கூப்பிட்டேன். திரும்பினால் அவள் ஷூ கயிற்றை இறுக்கிக்கொண்டிருக்கிறாள்.

“எங்க கண்ணு கெளம்பிட்ட? சித்த உக்காரு. போதும்.”

“இல்லீங்ணா. அந்த நேரத்தையக் கழிச்சுக் குடுப்பாங்கல்லங்க? விதியில இருக்குதல்லங்க? ஓடி முடிச்சுப்போடறனுங்க.”

மீதி தூரத்தையும் ஓடினாள். அவள் அணைக்கட்டு முகாமுக்குப் போய்ச் சேர்ந்தபோது துணிப் பதாகையைச் சுருட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்களாம். வேறொரு பெண்ணுக்கு மாலை போட்டுப் படமும் எடுத்து முடித்திருந்தார்கள்.

திங்கட்கிழமை விசாரணை. நடராஜன் சார் எங்கள் இருவரையும் உட்காரச் சொன்னார். சரஸ்வதிக்குத் தண்ணீர் கொடுத்தார். ஒரு உயிரைக் காப்பாற்றியது பெரிய விஷயம் என்று மனதாரச் சொன்னார். ஆஸ்பத்திரியிலிருந்து ஜேம்ஸ் எழுதி அனுப்பிய கடிதத்தையும் படித்தார். குடிலில் சொல்லிவிட்டுத்தான் வந்தேன் என்று சரஸ்வதி தன்னிடம் சொன்னதாக அதில் இருந்தது.

“அது பள்ளத்துல பேசுனதுங்க. குடில்ல சொன்னீங்களாங்கறதுதானுங்க விசயம்.”

“சொன்னனுங்க சார். அண்ணன் கையக் காட்டுனாருங்க, செரி போன்னு.”

நான் இரு என்று காட்டிய கையை அவள் சரி, போ என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள். அந்த நிமிடம்தான் எனக்கு அது தெரிந்தது. நடராஜன் சார் ரிஜிஸ்டரை என் பக்கம் திருப்பி வைத்தார்.

“ரங்கசாமி, இது உங்க எழுத்துங்களா?”

“ஆமாங்க சார்.”

“இந்த அம்மணி விபத்தைப் பத்திச் சொன்னது உங்களுக்குக் கேட்டுச்சுங்களா, இல்லீங்களா?”

சரஸ்வதி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கேக்கலீங்க.”

“அவ்வளவுதானுங்க,” என்றார். ரிஜிஸ்டரை மூடினார்.

அந்தப் பல்லடத்துத் தொழிலாளியாவது ‘ஆனா’ என்று ஆரம்பித்தார். நான் அதைக்கூடச் சொல்லவில்லை. கேட்கவில்லை சார், ஆனால் அவள் சொன்னாள், உதடு அசைந்ததைப் பார்த்தேன், என் காதில் அப்போது நீங்கள்தான் இருந்தீர்கள் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு நாக்கு இருந்தது. காலியாக இருந்த டைம் ஆபீசர் நாற்காலியும் நினைவில் இருந்தது. நான் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை, அதுதான் கேவலம். ஒன்பதாவது விதி அவளுக்குப் பொருந்தாது என்று தீர்ப்பாயிற்று. மாலை வாங்கிய பெண் நிரந்தரமானாள். அவள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, அவளும் ஓடித்தான் வந்தாள்.

அதற்கப்புறமும் இரண்டு மாதம் சரஸ்வதி விடிகாலையில் கேட்டுக்கு வந்து நின்றாள். எனக்கு மேலிடத்திலிருந்து வந்த பட்டியலில் அவள் பேர் இல்லை. பதிலிகளின் பேரைக் கூப்பிடுகிறவன் அப்போது நான்தான். தினமும் பட்டியலைப் படித்து முடித்துவிட்டு, தலையைத் தூக்காமல் உள்ளே போய்விடுவேன். ஒரு நாள் அவள் வரவில்லை. ஆடியில் என்னை டைம் ஆபீசர் ஆக்கினார்கள். ஜேம்ஸின் கால் சரியாகச் சேரவில்லை, கட்டை வைத்த செருப்போடுதான் இன்றைக்கும் நடக்கிறார். நேரத்தோடு கொண்டுவந்திருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று டாக்டர் அவரிடம் சொன்னாராம். நேரம்! அதை எழுதித்தான் நான் சம்பளம் வாங்கினேன். சேர்மனுக்கு அடுத்த வருடம் வேறு ஆசை வந்தது, ஓட்டம் நின்றுபோனது. அசம்பாவிதம் ஏதுமின்றி என்று மலரில் எழுதிவிட்டு நடராஜன் சாரும் நல்லபடியாக ஓய்வு பெற்று, நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தார்.

தொண்டர்களுக்கு என்று கேட்டீர்களே, எழுதுகிறேன். உங்கள் கருவி ஒரு பெண் திரும்பி ஓடுவதைக் காட்டும். ஏன் ஓடுகிறாள் என்று அவள் வந்து சொல்லும்போது போனைக் கீழே வையுங்கள். மேலதிகாரி பேசினாலும் வையுங்கள். அப்புறம் வெளியே வந்து நில்லுங்கள். சொல்லிக் கொடுக்க எனக்கு இதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

அந்த மூன்று பேர் வந்துபோன பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஜேம்ஸிடம் விலாசம் வாங்கிக்கொண்டு கோபிக்குப் போனேன். சரஸ்வதி ஒரு வாழைக்காய் மண்டியில் எடை போடுகிற இடத்தில் நின்றிருந்தாள். தலை பாதிக்குமேல் நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது.

“வாங்ணா. உக்காருங்க.”

உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். இரு என்றுதான் கையைக் காட்டினேன் என்பதையும், விசாரணையில் வாயை மூடிக்கொண்டதையும் சொன்னேன். வயர்லெஸ்ஸில் பேசிக்கொண்டிருந்ததால்தான் நீ சொன்னது காதில் விழவில்லை என்றேன். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“வயர்லெஸ்ல அப்படி என்னதானுங்ணா சொல்லிட்டு இருந்தாங்க?”

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அன்றைக்குச் சொல்லாத உண்மையை இன்றைக்காவது சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு.

“சேர்மனுக்கு டீ சூடா இருக்குதான்னு கேட்டாங்க அம்மணி.”

“டீயாங்ணா?”

அவள் கையிலிருந்த எடைக்கல்லைக் கீழே வைத்தாள்.

“வேற எங்கியோ ஆரோ உளுந்து கெடக்கறாங்க, அதையக் கேட்டுட்டு இருந்தீங்கன்னு நெனச்சுட்டு இருந்தனுங்க. இத்தன வருசமா. எங்கூட்டுக்காரருகிட்டக்கூட அப்படித்தானுங்க சொல்லி வெச்சிருக்கறன்.”

வெளியே லோடு வண்டி ஹாரன் அடித்தது. அவள் தராசுப் பக்கம் திரும்பி அடுத்த தாரைத் தூக்கி வைத்தாள். நான் போகும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.